தராசில் ஏறும் தொழிலாளியின் சொத்து

(நமது பகுதிநேர நிருபர்)

ஆயுத பூஜை அன்று சுத்தியலுக்கும் வைஸுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் படைத்துக் கும்பிடுகிறோம். அதே சுத்தியலும் வைஸும், அவற்றைப் பிடித்த கை ஓய்ந்துவிட்டால், பழைய இரும்புக்காரரின் தராசில் போய் உட்காருகின்றன. ஊரில் அதைக் காயலான் கடை என்போம். மும்பையில் பங்கார் கடை என்கிறார்கள். பெயர்தான் வேறு. இரண்டு இடத்திலும் கிலோ கணக்குத்தான்.

தாராவி, குர்லா, சாக்கிநாக்கா பட்டறைகளில் லேத், ஃபிட்டிங், வெல்டிங் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. பத்துப் பதினைந்து வருடம் சம்பளத்துக்கு உழைத்த பிறகு, பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டுச் சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்பதே அது. சிலர் இங்கேயே தொடங்குகிறார்கள். சிலர் லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். சீட்டுப் பணம், பி.எஃப். பணம், மனைவியின் நகை எல்லாம் அந்த ஓர் இரும்பில் போய் இறங்குகிறது. வாங்கியது நல்ல சாமானாக இருந்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும். தேய்ந்த சாமானாக இருந்தால் வட்டி மட்டுமே மிஞ்சும்.

விற்கிற பக்கத்திலும் இதே கதைதான். ஒரு டர்னர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த சாமான்களை, அவற்றின் அருமை தெரியாத வீட்டார் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சந்தை எடையைப் பார்க்கும். தொழிலாளி அளவைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் போகிற பணம் யாருடையது என்பதை எண்ணிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

எங்கிருந்து வருகின்றன?

மும்பையில் பழைய இயந்திரங்களுக்குப் பஞ்சமே ஏற்பட்டதில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1982 ஜனவரி 18-ல் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஜவுளி ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 2.5 லட்சம் பேர் அதில் இறங்கினார்கள். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் பரேல், லால்பாக் பகுதி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை என்றால் தறியும் நூற்பு இயந்திரமும் மட்டுமல்லவே! அவற்றைப் பழுது பார்க்க உள்ளேயே ஒரு பட்டறையும் இருக்கும். அதில் லேத் இருக்கும், ஷேப்பர் இருக்கும், டிரில்லிங் மெஷினும் பெரிய பெரிய வைஸ்களும் இருக்கும். ஆலை போனபோது அவையும் வெளியே வந்தன.

இரண்டாவது வழி கப்பல். ரே ரோடு ஸ்டேஷனை அடுத்த தாருக்கானாவில் நெடுங்காலமாகக் கப்பல்கள் உடைக்கப்பட்டு வந்தன. 1983-ல் குஜராத்தின் அலங் கடற்கரையில் கப்பல் உடைப்பு தொடங்கிய பிறகு பெரிய கப்பல்கள் அங்கே போயின. கப்பலின் இன்ஜின் அறையை ஒட்டி ஒரு சிறு பட்டறை இருப்பது வழக்கம். நடுக்கடலில் ஏதாவது உடைந்தால் அங்கேயே செய்து கொள்ள வேண்டுமே! கப்பல் உடைபடும்போது அந்த லேத்தும் வைஸும் ஸ்பேனர்களும் சந்தைக்கு வருகின்றன.

மூன்றாவது, அரசாங்க நிறுவனங்களின் ஏலம். ரயில்வே பட்டறைகளில் ஆயுள் முடிந்த இயந்திரங்களைக் கழித்துக் கட்டி ஏலத்துக்கு விடுவார்கள். முன்பெல்லாம் ஸ்டோர்ஸ் டிப்போவில் கூட்டம் கூடும், ஏலக்காரர் கூவுவார், ஆளுக்கு ஆள் விலை ஏற்றுவார்கள். இப்போது அந்தச் சத்தமெல்லாம் இல்லை. ரயில்வேயின் ஐ.ஆர்.இ.பி.எஸ். இணையதளத்தில் மின் ஏலம் நடக்கிறது. பதிவு செய்தவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்கலாம். ஆனால் 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்பதுதான் நிபந்தனை. எடுத்துச் செல்லும் செலவு வாங்குபவருடையது. ஒரு குவியலே பல டன் இருக்கும் என்பதால் சிறு தொழிலாளி நேரடியாக இறங்குவது கடினம். பெரிய வியாபாரிகள் எடுத்து, பிரித்து, குர்லா போன்ற இடங்களில் விற்கிறார்கள்.

கைக் கருவிகளுக்கு மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கத்தில் நாக்தேவித் தெரு இருக்கிறது. பெரும்பாலும் புதுச் சாமான். அங்கே புதிதின் விலையைக் கேட்டுக்கொண்ட பிறகு பழையதற்குப் பேரம் பேசப் போவது புத்திசாலித்தனம். சோர் பஜார் பகுதியில் வெள்ளிக்கிழமை காலையில் நடைபாதையில் பழைய சாமான்களை விரித்திருப்பார்கள். பொறுமையும் கண்ணும் இருந்தால் அங்கே நல்ல மைக்ரோமீட்டரும் கிடைக்கும். பெயர் பொறித்த போலியும் கிடைக்கும்.

பெயிண்டை நம்பாதீர்கள்

பழைய லேத் வாங்கப் போகிறவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது புதுப் பெயிண்டை. பளபளக்கும் பச்சைக்கு அடியில் புட்டி இருக்கும். புட்டிக்கு அடியில் விரிசல் இருக்கலாம். கழற்றி வைத்திருக்கும் சக்கு, பட்டறைக்கல் போன்றவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல சாமான் கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது உடைந்த பானை போலச் சத்தமிடும். சாணைக்கல்லுக்கும் இதே சோதனைதான். ஆனால் அதை மரக்கட்டையால் மெதுவாகத் தட்ட வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் அந்தக் கல்லைத் தொடவே வேண்டாம். சுற்றும்போது சிதறினால் ஆளைக் கொல்லும்.

அடுத்தது பெட். அதுதான் லேத்தின் முதுகெலும்பு. வேலையில் பெரும்பகுதி சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். சாடிலைச் சக்குப் பக்கம் கொண்டுவந்து, ஆட்டம் இல்லாதபடி ஜிப்பை லேசாக இறுக்குங்கள். பிறகு மறுகோடிக்கு, டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பாருங்கள். போகப் போக இறுகி நின்றுவிட்டால் சக்குப் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பெட்டைத் திரும்பக் கிரைண்டிங் செய்யப் பெரிய இயந்திரம் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

ஸ்பிண்டிலைப் பார்க்க, சக்கில் ஒரு தடியைப் பிடித்து, டயல் கேஜை வைத்து, தடியை மேலும் கீழும் அழுத்துங்கள். முள் இரண்டு மூன்று கோடு அசைந்தால் பேரிங்கை இறுக்கிச் சரிசெய்து பார்க்கலாம். பத்து இருபது கோடு ஓடினால் யோசியுங்கள். லீட் ஸ்க்ரூவிலும் சக்குப் பக்கத்து மரையையும் மறுகோடி மரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஹாஃப் நட் தேய்ந்திருந்தால் மாற்றுவது எளிது. ஸ்க்ரூவே தேய்ந்திருந்தால் செலவு பெரிது.

மரை வெட்டும் மாற்றுக் கியர்களை ஒன்றுவிடாமல் எண்ணி வாங்குங்கள். நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல் தான் வந்தது. அதற்கு முந்திய இயந்திரங்களும், அதற்குப் பிறகு வந்தவற்றில் பலவும் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்ட 127 பல் கியர் ஒன்று தேவை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால் 127. கணக்கு அவ்வளவுதான். அந்த ஒரு சக்கரம் தொலைந்து போயிருந்தால், இன்று வரும் வேலைகளில் பாதியை நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

மோட்டார் மூன்று பேஸா, ஒரு பேஸா என்று கேளுங்கள். வீட்டுக்கு வருவது ஒரு பேஸ். பழைய ஆலை மோட்டார்கள் மூன்று பேஸ். இப்போது ஒரு பேஸில் மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டும் டிரைவ் பெட்டிகள் கிடைக்கின்றன. அதுவும் ஒரு செலவுதான். எடையையும் மறந்துவிடாதீர்கள். ஆறடி பெட் உள்ள லேத் ஒரு டன் வரை இருக்கும். தாராவி சந்துகளில் பலகை போட்ட மேல்தளம் அதைத் தாங்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு சாண் நீளத் தடியைக் கடைந்து காட்டச் சொல்லி, இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தால் விற்பவர் பேச்சுக்கு அவசியம் இல்லை. எச்.எம்.டி.யா, ஹரிஹரில் 1941-ல் தொடங்கி இன்று இல்லாமல் போன மைசூர் கிர்லோஸ்கரா, பட்டாலாவா, ராஜ்கோட்டா என்று பெயரைக் கேட்டு விலை சொல்வார்கள். நல்ல பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால் தேய்ந்துபோன நல்ல பெயரைவிட, தேயாத சாதாரணப் பெயர் மேல்.

தாராவியில் ஒரு வீடு

திருநெல்வேலிப் பக்கத்து டர்னர் ஒருவர் தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் சிறு லேத் போட்டுத் தொழில் செய்துவந்தார். அவர் காலமான பிறகு மனைவியும், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் மகனும் மட்டும் இருந்தார்கள். வந்து பார்த்த பங்கார்காரர், சாமான் பெட்டியை எடை போட்டு மூவாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். பெட்டியைக் கொடுத்துவிட்டு, லேத்தை மட்டும் கணவர் நினைவாக மகனுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த அம்மாளின் முடிவு. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஊர்க்காரப் பெரியவர் ஒருவர் தலையிட்டார். அவர் அழைக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன்.

"யம்மா, தராசு எங்கயும் ஓடிப்போயிராது. ஒரு நாள் பொறு. மொதல்ல பெட்டியக் கொட்டுவோம்" என்றார் பெரியவர்.

"துருப்பிடிச்ச கம்பியும் கட்டையுமாக் கெடக்கு அண்ணாச்சி. இதுல என்ன இருக்கப் போவுது?"

"இருக்கா இல்லியான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

பேப்பரை விரித்துப் பெட்டியைக் கொட்டினார்கள். பெரியவர் ஐந்து குவியலாகப் பிரித்தார்.

முதல் குவியல், அளக்கும் கருவிகள். மைக்ரோமீட்டரின் இரு முகங்களையும் துணியால் துடைத்து, ராட்செட்டால் மூடினார். சுழிக்கோடு நேராக வந்து நின்றது. வெர்னியரின் தாடைகளை மூடி டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார். நடுவில் வெளிச்சம் கசியவில்லை. "தம்பி, இதப் பத்திரமா வை. புதுசு வாங்கணும்னா ஒன் ஒரு மாசச் சம்பளத்துல பெரும் பங்கு போயிரும்" என்று மகன் கையில் கொடுத்தார்.

இரண்டாவது குவியல், வெட்டும் கருவிகள். டிரில், டாப், டை, டூல் பிட், கார்பைடு முனைகள் எல்லாம் இதில் வந்தன. மூன்றாவது, சுத்தியல், அரம், ஸ்பேனர், குறடு போன்ற கைக் கருவிகள். நான்காவது, உடைந்ததும் வளைந்ததும். ஐந்தாவது, என்னவென்று உடனே தெரியாதவை.

அந்த ஐந்தாவது குவியலில்தான் எண்ணெய்த் துணியில் சுற்றிய மூன்று இரும்புத் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருந்தது. லேத்தின் சக்குக்கு உரிய மறுசெட் தாடைகள் அவை. சக்கில் இருந்த எண்ணும் தாடையில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. இவை எடைக்குப் போயிருந்தால் சில ரூபாய்தான் வந்திருக்கும். இவை இல்லாவிட்டால் அந்தச் சக்குக்கே பாதி மதிப்பு.

பிறகு லேத்தைச் சோதித்தார். சாடில் பாதி தூரத்தில் இறுகி நின்றது. தடியைக் கடைந்து அளந்தால் இரு முனைக்கும் பெரிய வித்தியாசம்.

"தாயி, சொன்னா வருத்தப்படாத. குடுக்க வேண்டியது லேத்து. வச்சுக்கிட வேண்டியது பெட்டி" என்றார்.

"அவரு கடேசி வரைக்கும் இதுலதான அண்ணாச்சி வேலை பாத்தாரு?"

"வேலை பாத்தது அவரு கை. எந்த எடத்துல எம்புட்டுத் தேய்ஞ்சிருக்குன்னு அவருக்குத் தெரியும். அதுக்குத் தக்கன டூல நகத்திக்கிடுவாரு. தம்பி இப்பத்தான படிக்கான்? இதுல பழகுனா அவனுக்குத் தொழில் மேலயே நம்பிக்க போயிரும்."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி அண்ணாச்சி, குடுத்துருவோம். ஆனா தேய்ஞ்சிருக்குன்னு சொல்லித்தான் குடுக்கணும்" என்றார்.

அப்படியே சொல்லித்தான் கொடுத்தார்கள். பைப்புகளுக்கு முனை சீவுகிற, அளவு அவ்வளவாகத் தேவைப்படாத ஒரு பட்டறைக்காரர் எடுத்துக்கொண்டார். பெட்டியில் மகனுக்கு வேண்டாதவற்றை மட்டும் ரகம் பிரித்து விற்றார்கள். அதற்கு மட்டுமே, முதலில் முழுப் பெட்டிக்குச் சொன்ன விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது.

பொறி சொல்லும் ரகசியம்

ரகம் பிரிப்பதில் அப்படி என்ன லாபம் என்று கேட்கலாம். பழைய டூல் பிட்டுகளில் டங்ஸ்டன் கலந்திருக்கிறது. '18-4-1' எனப்படும் ஹைஸ்பீடு உருக்கில் 18 சதவீதம் டங்ஸ்டன், 4 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் வனேடியம். கார்பைடு முனையோ பெரும்பாலும் டங்ஸ்டனே. இவற்றின் கிலோ விலை இரும்பு விலையைவிடப் பல மடங்கு. ஒரே மூட்டையில் போட்டால் எல்லாம் இரும்பு விலைதான்.

எது எது என்று சாணைக்கல்லில் லேசாகத் தொட்டாலே தெரியும். சாதாரண இரும்பின் பொறி நீளக் கோடாக ஓடும். அரம், உளி போன்ற கார்பன் மிகுந்த உருக்கு மத்தாப்பூ மாதிரி கிளைகிளையாக வெடிக்கும். ஹைஸ்பீடு உருக்கில் பொறி குறைவு, நிறமும் மங்கிய சிவப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு சோதியுங்கள். தேய்ந்த அரத்தையும் வீசிவிட வேண்டாம். கத்தி, ஸ்கிரேப்பர் செய்ய அதைவிட நல்ல உருக்கு மலிவாகக் கிடைக்காது.

ஸ்பேனர்களில் மூன்று சாதி உண்டு. மில்லிமீட்டர் ஸ்பேனர் அன்றாட வேலைக்கு. 'ஏ.எஃப்.' என்று பொறித்தது அங்குலத்தில் வாயின் அகலத்தைச் சொல்கிறது. விட்வொர்த் ஸ்பேனரில் உள்ள எண்ணோ போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். ஆகவே, அரை என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாய் அரை அங்குலத்தைவிடப் பெரிதாக இருக்கும். இது தெரியாமல் 'பொருந்தாத ஸ்பேனர்' என்று எடைக்குப் போடுகிறார்கள். பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதைத் தேடிக்கொண்டு அலைகிறார்கள்.

துருவைக் கண்டும் பயப்படாதீர்கள். மேலாகப் பிடித்த துருவுக்கு மண்ணெண்ணெயும் பித்தளைக் கம்பி பிரஷும் போதும். ஆழமான துரு என்றால் ஓரிரவு வினிகரில் ஊறப்போட்டு, நன்றாகக் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். அளக்கும் கருவிகளின் முகத்தை மட்டும் எமரித்தாளால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் துருவோடு அளவும் போய்விடும்.

எச்சரிக்கை இரண்டு

எல்லாப் பழைய சாமானும் கைவைக்கத் தக்கதல்ல. டில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் 2010 ஏப்ரலில் நடந்ததை மறக்க முடியாது. டில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் கழித்த ஒரு பழைய கருவிக்குள் கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. அது தெரியாமல் உடைத்தார்கள். ஒருவர் உயிரிழந்தார், பலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். ஆஸ்பத்திரி, ஆய்வுக்கூடம், கப்பல் ஆகியவற்றிலிருந்து வந்த, மூடிச் சீல் வைத்த கனமான பெட்டி எதையும் திறக்காதீர்கள். மூடிய சிலிண்டரை வெட்டாதீர்கள். பழைய பாய்லர், பைப்புகளில் சுற்றிய வெள்ளைக் கயிறும் அட்டையும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் நோய் பல வருடம் கழித்தே தெரியும்.

மற்றொன்று சட்டம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ரயில்வே முத்திரை உள்ள சாமானைச் சீட்டு இல்லாமல் வாங்கிவிடாதீர்கள். 1966-ம் ஆண்டின் ரயில்வே சொத்து (சட்டவிரோதமாக வைத்திருத்தல்) சட்டப்படி, அது நேர்மையாக வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவருடையது. முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. முறையாக ஏலத்தில் போன சாமானுக்குக் கட்டாயம் காகிதம் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். லாரியில் ஊருக்கு ஏற்றும்போது வழியில் கேட்டாலும் அந்தக் காகிதம்தான் பேசும்.

ஒரு நோட்டு போதும்

பட்டறையில் இருக்கும் நம்மவர்கள் அனைவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். உங்களிடம் உள்ள சாமான் ஒவ்வொன்றின் பெயரையும், எங்கே வாங்கியது, எதற்கு உதவும், இன்று புதிது என்ன விலை என்பதையும் தமிழில் எழுதி வையுங்கள். எந்தத் தாடை எந்தச் சக்குக்கு, எந்தக் கியர் எந்த இயந்திரத்துக்கு என்று துணியில் கட்டி, சீட்டு எழுதிச் சேர்த்து வையுங்கள். லேத் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் குறித்து வையுங்கள்.

பாங்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைக்கிறோம். சாமான் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லி வைப்பதில்லை. பல வீடுகளில் பாங்கில் இருப்பதைவிடப் பெட்டியில் இருப்பதுதான் அதிகம். மகனோ மகளோ அந்தத் தொழிலுக்கு வராமல் போகலாம். அப்போதும், என்ன விலைக்கு, யாரிடம், எப்படிக் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.